பிள்ளையைத் திருத்துமுன்: காயமுற்ற சிறாருக்கான பணியாளர் பயிற்சி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

திருச்சபையின் பராமரிப்பிலுள்ள பள்ளிகளுக்குத் தாளாளராகவோ, விடுதிகளுக்குக் காப்பாளராகவோ பொறுப்பேற்கும் குருமார் அனைவரும் என்றேனும் சந்திக்கும் காட்சி ஒன்றுண்டு. தலைமையாசிரியரின் அறை வாசலில் ஒரு சிறுவன் நிற்கிறான். உடன்பயிலும் மாணவனின் புத்தகத்தைக் கிழித்தான். கேட்ட ஆசிரியரை இழிசொல்லால் ஏசினான். சுவரேறிக் குதித்து ஓட முயன்றான். ஆசிரியர்கள் சினத்தோடும் களைப்போடும் நம்மை நோக்கி, "ஐயா, இவனை என்ன செய்வது?" என்று வினவுகின்றனர்.

முற்காலத்தில் இவ்வினாவிற்கு விடை எளிதாக இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் இருந்தது. பின்வந்த மிஷன் பள்ளிகளில் பிரம்பு இருந்தது. முருங்கையை ஒடித்து வளர்க்கவேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்கவேண்டும் என்னும் பழமொழியும், நீதிமொழிகள் 13:24-ஐக் குறித்த மேலோட்டமான வாசிப்பும் அப்பிரம்பிற்கு அரண் செய்தன. இன்று சட்டம் பிரம்பை அகற்றிவிட்டது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் கல்வி விதிகள் திருத்தப்பட்டு உடல் தண்டனை நீக்கப்பெற்றது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமன்றி, மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. ஆயினும் பிரம்பை எடுத்துக்கொண்ட கையில் வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை என்று நல்லாசிரியர்கள் பலரும் குறைப்படுகின்றனர். இக்குறை நியாயமானது என்றே நாம் கருதுகிறோம்.

கடந்த சில பத்தாண்டுகளாகப் பல நாடுகளில் பள்ளிப் பணியாளருக்கு ஒரு புதுவகைப் பயிற்சி அளிக்கப்பட்டு வருகிறது. 'இவன் என்ன குற்றம் செய்தான்?' என்று கேட்குமுன், 'இவனுக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்கப் பழக்குவதே அப்பயிற்சியின் அடிப்படை. பயங்கரமான இழப்பினாலோ கொடுமையினாலோ உள்ளத்தில் காயமுற்ற பிள்ளையின் நடத்தை, அக்காயத்தின் மொழியாகவும் இருக்கக்கூடும் என்றும், தண்டனையைவிட நிலையான உறவே அவனை மீட்கும் என்றும் அது கற்பிக்கிறது. இது உளவியலார் நேற்றுக் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவோர் உளர். உலகத்தாரின் மென்மைப் போக்கு என்று ஐயுறுவோரும் உளர். இவ்விரு கருத்துகளும் வரலாற்றோடு பொருந்தவில்லை. இச்சிந்தனையின் வேர்களுள் ஒன்று திருச்சபையின் சொந்த நிலத்திலேயே ஊன்றியிருந்தது. அவ்வேர் தழைத்த வகையையும், பின்னர் வாடிய வகையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஹாலே நகரின் இரட்டை மரபு

நமது திருச்சபையின் கல்விப்பணி ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரோடு தொடர்புடையது. 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், ஹாலேயில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயின் செல்வாக்கிற்கு உட்பட்டவர். 1695-இல் தமது போதகர் இல்லத்தில் வைத்திருந்த தருமப் பெட்டியில் விழுந்த சிறு தொகையைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர் பிராங்கே. அது சில ஆண்டுகளில் அநாதை இல்லமும் பல பள்ளிகளும் அச்சகமும் மருந்தகமும் கொண்ட பெருநிறுவனமாயிற்று. பல்கலைக்கழகத்து ஏழை மாணவருக்கு அங்கே இலவச உணவு அளிக்கப்பட்டது. அதற்கு ஈடாக அவர்கள் பள்ளிகளில் கற்பித்தனர். கற்பிக்கும் முறையில் பயிற்சியும் பெற்றனர். ஆசிரியர் பயிற்சி வரலாற்றில் இது ஒரு முன்னோடி முயற்சியாகும்.

இம்மரபிற்கு இரு பக்கங்கள் இருந்தன. எவரும் ஏறெடுத்துப் பாராத பிள்ளைகளைத் தேவசாயலுடையோராகக் கண்டது ஒரு பக்கம். பிள்ளையின் சுயசித்தம் பாவத்தின் இருப்பிடம், அது முறிக்கப்பட்டாலன்றி மனந்திரும்புதல் இல்லை என்று கருதியது மறுபக்கம். ஆகவே ஓயாத மேற்பார்வை வேண்டப்பட்டது. விளையாட்டு ஐயத்தோடு நோக்கப்பட்டது. சினத்தில் தண்டிக்கலாகாது, தகப்பனுக்குரிய அன்போடு திருத்தவேண்டும் என்று பிராங்கே ஆசிரியர்களை எச்சரித்தது மெய்யே. எனினும் முறிக்கப்படவேண்டியது பிள்ளையின் சித்தம் என்னும் முற்கோள் நிலைத்திருந்தது. ஏற்கெனவே முறிந்துபோன பிள்ளையைக் குறித்து இவ்விறையியல் என்ன சொல்லும்? அவ்வினா இன்னும் எழவில்லை.

2. ஸ்டான்ஸ் நகரில் ஒரு மனிதன்

ஒரு நூற்றாண்டிற்குப்பின் சுவிட்சர்லாந்தில் அவ்வினா கூர்மையாக எழுந்தது. 1798-ஆம் ஆண்டு செப்டம்பரில் நித்வால்டன் பகுதி மக்களின் கிளர்ச்சியைப் பிரெஞ்சுப் படை இரத்தவெள்ளத்தில் அடக்கிற்று. ஊர்கள் எரிந்தன, பிள்ளைகள் பலர் பெற்றோரை இழந்தனர். அப்பிள்ளைகளுக்காக ஸ்டான்ஸ் நகரிலுள்ள கன்னியர் மடத்தின் ஒரு பகுதியில் இல்லம் ஒன்றை அமைக்கும் பொறுப்பு, ஐம்பத்திரண்டு வயதான யோகான் ஹைன்ரிக் பெஸ்டலாட்சியிடம் ஒப்புவிக்கப்பட்டது. சூரிச் நகரத்துச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த அவர், கத்தோலிக்க மக்களின் நடுவே அந்நியராக வந்தார்.

1799 ஜனவரியில் இல்லம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ எண்பது பிள்ளைகள். துணைக்கு வீட்டுப்பணிக்கான ஒரு பெண்மணி. வேறு பணியாளர் இலர். சொறியும் பேனும் பிடித்த பிள்ளைகள், எலும்புக்கூடாய் மெலிந்தவர்கள், எவரையும் நம்பாத கண்ணுடையோர் ஆகியோரிடையே பெஸ்டலாட்சி இரவும் பகலும் வாழ்ந்தார். அவர்களோடு உண்டார்; அவர்கள் நடுவே உறங்கினார். முதலில் உணவும் தூய்மையும் பாசமும், அதன்பின் ஒழுக்கப் பழக்கம், இறுதியிலேயே ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு என்னும் வரிசையை அங்கே அவர் கண்டறிந்தார். தாம் சிலவேளை பிள்ளைகளை அறைந்ததையும் அவர் மறைக்கவில்லை. நாள்முழுதும் தாம் அவர்களோடிருந்ததால் அவர்கள் அதைப் பகையாகக் கொள்ளவில்லை என்று தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் விளக்கமளித்தார். அவ்விளக்கத்தை இன்று நாம் அப்படியே ஏற்கவியலாது. ஆயினும் உறவைத் தவிர வேறெதுவும் அப்பிள்ளைகளை எட்டவில்லை என்னும் அவரது சாட்சி மெய்யானது.

அவ்வில்லம் ஐந்து மாதம்கூட நிறைவுறவில்லை. ஜூன் மாதத்தில் பிரெஞ்சுப் படைக்கு மருத்துவமனை தேவைப்பட்டதால் மூடப்பட்டது. பெஸ்டலாட்சி இரத்தங்கக்கும் அளவிற்குத் தளர்ந்திருந்தார். அவர் சென்றபின் அப்பிள்ளைகளை அவ்வண்ணம் பராமரிக்கப் பயின்றோர் அங்கு எவருமிலர். ஒருவரின் அன்பு எவ்வளவு பெரிதாயினும், அதைப் பிறர் பயின்று தொடரும் வழி அமையாவிடில் அது அவரோடு நின்றுவிடும் என்பதை ஸ்டான்ஸ் நமக்குக் கற்பிக்கிறது.

3. கரடுமுரடான வீடு

அவ்வழியைக் கண்டவர் ஓர் இறையியல் மாணவர். யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் 1808-இல் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். கெட்டிங்கனிலும் பெர்லினிலும் இறையியல் கற்றபின் சொந்த ஊர் திரும்பிய அவருக்கு உடனே போதகர் பணி கிட்டவில்லை. போதகர் ரவுட்டன்பெர்க் நடத்திவந்த ஓய்வுநாட் பள்ளியில் 1832-இல் பொறுப்பேற்றார். பிள்ளைகளின் வீடுகளைச் சந்திப்பது அப்பணியின் ஒரு கூறு. இருண்ட சந்துகளிலும் நிலவறைகளிலும் வாழ்ந்த குடும்பங்களை அவர் ஒவ்வொன்றாகச் சந்தித்துக் குறிப்பெழுதினார். வாரத்தில் ஒருநாள் கற்பிக்கும் வேதபாடம், மற்ற ஆறு நாள்களும் பிள்ளையைச் சூழ்ந்திருக்கும் துயரத்தை எட்டவில்லை என்பது அவருக்குப் புலனாயிற்று.

1833 செப்டம்பர் 12 அன்று ஹாம்பர்க் நகரப் பெருமக்கள் கூடிய கூட்டத்தில் 'மீட்பு இல்லம்' ஒன்றை நிறுவும் திட்டத்தை அவர் எடுத்துரைத்தார். நகர ஆட்சியின் உயர் அலுவலராகிய கார்ல் சீவேகிங், நகருக்கு வெளியே ஹோர்ன் என்னுமிடத்தில் தமக்குரிய பழைய கூரை வீட்டை அளித்தார். ஊரார் அதை 'ரவுஹெஸ் ஹவுஸ்' என்று அழைத்துவந்தனர். 'கரடுமுரடான வீடு' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இருபத்தைந்து வயதுடைய விக்கெர்ன் தம் தாயையும் தமக்கை தங்கையரில் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அங்குக் குடியேறினார். நவம்பரில் முதற் சிறுவர்கள் வந்தனர். திருட்டினாலும் ஊர்சுற்றலாலும் காவலர் பதிவேட்டில் ஏறியவர்கள், குடிகாரத் தந்தையரின் அடியில் வளர்ந்தவர்கள், பிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆகியோரே அவர்கள்.

அவ்வில்லத்தின் அமைப்பில் நான்கு செய்திகள் கருதத்தக்கன.

முதலாவது, வரவேற்பு. வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அவனது பழைய செயல்கள் யாவும் மன்னிக்கப்பட்டன என்று விக்கெர்ன் முதலிலேயே அறிவித்தார். இல்லத்தில் எவரும் அவற்றைச் சொல்லிக்காட்டலாகாது. இங்கே சுவரில்லை, தாழில்லை, உன்னை இங்கே கட்டிவைப்பது அன்பு ஒன்றே என்பதாக அவ்வரவேற்பு அமைந்தது. நன்னடத்தைக்குப் பரிசாக மன்னிப்பு என்னும் உலக முறையை இது தலைகீழாக்கிற்று. விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல் என்னும் லூத்தரன் போதனையை ஓர் இல்லத்தின் வாசலில் நடைமுறைச் சட்டமாக்கியவர் விக்கெர்ன் எனலாம்.

இரண்டாவது, குடும்ப அமைப்பு. பிள்ளைகள் தொகை பெருகியபோது பெரிய கூடம் ஒன்றைக் கட்டி அனைவரையும் அதில் அடைக்க அவர் உடன்படவில்லை. பன்னிருவர் அளவிலான ஒவ்வொரு குழுவிற்கும் ஒரு தனி வீடு. அவ்வீட்டில் அவர்களோடு உண்டு உறங்கி வேலைசெய்ய ஒரு 'சகோதரர்'. புதிய வீட்டைக் கட்டுவதில் பிள்ளைகளே கைகொடுத்தனர். 1835 முதல் சிறுமியரும் சேர்க்கப்பட்டனர்.

மூன்றாவது, வேலையும் கொண்டாட்டமும். தோட்டம், தச்சு, தையல், செருப்புத் தைத்தல் என்று பலதொழில்கள் கற்பிக்கப்பட்டன. அவற்றோடு பாட்டும் பிறந்தநாள் விழாவும் திருநாள்களும் சிறப்பிடம் பெற்றன. இன்று நம் சபைகளில் திருவருகைக் காலத்தில் ஏற்றப்படும் மெழுகுதிரி வளையம் அவ்வில்லத்தில் பிறந்ததே. கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரித்துக் கேட்டதால், 1839-இல் விக்கெர்ன் ஒரு வண்டிச் சக்கரத்தின்மீது ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய திரிகளும், மற்ற நாள்களுக்குச் சிறிய திரிகளும் வைத்து நாளுக்கொன்றாக ஏற்றினார் என்பது மரபு. நாளை என்ன நேருமோ என்று அஞ்சியே வளர்ந்த பிள்ளைக்கு, வரப்போகும் நன்மையை எண்ணிக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்த கருவி அது. நிச்சயமான கால ஒழுங்கு காயமுற்ற பிள்ளைக்கு மருந்து என்று இன்றைய பயிற்சி நூல்கள் கூறுவதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

நான்காவதே நமது பொருளுக்கு மையமானது. அது பணியாளரின் பயிற்சி.

4. சகோதரர்களின் பள்ளி

வீட்டுக்கு ஒரு சகோதரர் என்று விதித்தபின், அச்சகோதரர் எங்கிருந்து வருவார்? 1834-இல் முதல் உதவியாளர் சேர்ந்தார். தொடர்ந்து வந்தோருட் பலர் இளங் கைவினைஞரும் உழவர் மக்களும் ஆவர். நல்லெண்ணம் அவர்களிடம் இருந்தது. ஆனால் பொய் சொல்லும், திருடும், இரவில் எழுந்து ஓடும் பிள்ளையோடு பொறுமை காக்க அது போதவில்லை. ஆகவே பிள்ளைகளுக்கென்று தொடங்கிய இல்லம், பிள்ளைகளைப் பராமரிப்போருக்கான பயிற்சி நிலையமாகவும் வளர்ந்தது. சீர்திருத்தச் சபைகளில் ஆண் உதவிக்காரர் ஊழியம் மறுமலர்ச்சி பெற்றதில் இந்நிலையத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

சகோதரர்கள் வேதாகமமும் திருச்சபை வரலாறும் கல்விமுறையும் இசையும் கற்றனர். ஆனால் அவர்களது முதன்மையான பாடநூல் அவர்கள் வீட்டிலிருந்த பன்னிரண்டு பிள்ளைகளே. ஒவ்வொரு பிள்ளையைக் குறித்தும் அவர்கள் நாட்குறிப்பு எழுதினர். வாரந்தோறும் விக்கெர்னோடு கூடி, இப்பிள்ளை ஏன் இப்படி நடந்தான், நான் எவ்வாறு நடந்துகொண்டேன் என்று ஆராய்ந்தனர். பிள்ளையின் நடத்தையோடு தம் நடத்தையும் அங்கே ஆராயப்பட்டது. தானும் மன்னிக்கப்பட்டவன் என்று அறியாதவன் மன்னிப்பின் வீட்டை நடத்த இயலாது என்னும் எண்ணம் அப்பயிற்சியின் அடித்தளமாயிருந்தது.

விக்கெர்னை நாம் மிகைப்படப் புகழவேண்டியதில்லை. வறுமைக்கு வேர் பாவமே என்று அவர் வற்புறுத்தியதால், தொழிலாளரை வாட்டிய பொருளாதார அநீதியை அவர் போதுமான அளவு காணவில்லை. 1848-இன் புரட்சியை அவர் அவபக்தியின் கனியாகவே கண்டார். அவ்வில்லத்தில் தண்டனை அறவே இல்லாதிருந்தது என்றும் சொல்வதற்கில்லை. எனினும், அவ்வாண்டு செப்டம்பரில் விட்டன்பர்க் நகரில் கூடிய சபைப் பேரவையில் அவர் ஆற்றிய உரை, 'உள்நாட்டு மிஷன்' என்னும் பேரியக்கத்தைத் தோற்றுவித்தது. அவ்வுரைக்குப் பின்னணியில் நின்றது, பதினைந்து ஆண்டுகளாக ஹோர்னில் பிள்ளைகளோடு வாழ்ந்த அனுபவமே.

5. ஒரே வித்து, இரு விளைச்சல்

ஹோர்ன் இல்லத்தின் புகழ் விரைவில் பரவிற்று. அமெரிக்கக் கல்வியாளர் ஹோரஸ் மன் 1843-இல் அங்குச் சென்று கண்டு வியந்து எழுதினார். அவருக்கு முன்பே பிரெஞ்சு நீதிபதி பிரெடெரிக் அகுஸ்த் தெமெட்ஸ் அதைப் பார்வையிட்டு, தம் நாட்டில் மெத்ரே என்னுமிடத்தில் சிறுவர் குடியிருப்பு ஒன்றை அமைத்தார். தெமெட்ஸ் ஒரு முக்கியமான உண்மையைப் புரிந்துகொண்டார். சிறுவரைச் சேர்க்குமுன், 1839-இலேயே பணியாளருக்கான பள்ளியை அவர் தொடங்கினார். 1840 ஜனவரியில்தான் முதற் சிறுவர்கள் வந்தனர். குடும்பம் குடும்பமாகப் பிரித்த வீடுகளும், மூத்த அண்ணனைப் போன்ற தலைவர்களும் அங்கும் இருந்தனர்.

ஆயினும் மெத்ரேயின் பிற்கால வரலாறு துயரமானது. படைமுகாமின் அணிவகுப்பும், ஓயாத கண்காணிப்பும், தனியறைச் சிறையும் அங்கே ஓங்கின. அங்கே இளமையைக் கழித்த எழுத்தாளர் ழான் ஜெனே அதை நினைவுகூர்ந்து எழுதியுள்ளார். பத்திரிகைகளின் கடுங் கண்டனத்திற்குப்பின் 1930-களின் பிற்பகுதியில் அது மூடப்பட்டது. 1975-இல் வெளிவந்த நூலொன்றில் பிரெஞ்சு அறிஞர் மிஷெல் பூக்கோ, மெத்ரே திறக்கப்பட்ட நாளையே நவீனச் சிறை ஒழுங்கு முழுமைபெற்ற நாளாகக் குறிப்பிட்டார். ஒரே வித்து இருவகையாக விளைந்ததற்குக் காரணம் என்ன? நாட்குறிப்பு இரு இடத்திலும் இருந்தது. பிள்ளையைப் புரிந்துகொள்ள எழுதப்பட்ட அதே குறிப்பு, அவனை வகைப்படுத்தி அடக்கவும் பயன்படும். பயிற்சிபெற்ற கண் பரிவோடும் பார்க்கலாம், வேவும் பார்க்கலாம்.

விக்கெர்னும் இவ்வபாயத்திற்கு விலக்கானவர் அல்லர். பிரஷ்ய அரசின் சிறைச் சீர்திருத்தப் பொறுப்பை 1857-இல் ஏற்று, பெர்லினிலுள்ள மோவாபிட் சிறையில் சகோதரர்களைக் காவலராக அமர்த்தினார். தனியறைச் சிறைமுறையை அவர் ஆதரித்தார். அம்முயற்சி கடும் விமர்சனத்திற்கு உள்ளாயிற்று. வீட்டில் சகோதரனாயிருந்தவன் சிறையில் காவலனானபோது, அவன் கற்ற பயிற்சியின் பொருளே மாறிவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது.

இன்னும் கசப்பான அத்தியாயம் ஒன்றுண்டு. இரண்டாம் உலகப்போருக்குப்பின், 1949 முதல் 1975 வரை மேற்கு ஜெர்மனியில் இலட்சக்கணக்கான பிள்ளைகள் காப்பகங்களில் வளர்ந்தனர். அக்காப்பகங்களுட் பெரும்பகுதி இரு பெரும் திருச்சபைகளின் பொறுப்பிலிருந்தது. அவற்றுட் பலவற்றில் அடியும் அவமானமும் ஊதியமற்ற கட்டாய உழைப்பும் பாலியல் கொடுமையும் நடந்தேறின என்பது, வளர்ந்து முதியோரான அப்பிள்ளைகள் வாய்திறந்து பேசிய பின்னரே வெளிப்பட்டது. 2009-ஆம் ஆண்டு கூடிய வட்டமேசைக் குழு இதனை ஆராய்ந்து, 2010-இல் அறிக்கை அளித்தது. தகுந்த பயிற்சியில்லாத, தொகையிற் குறைந்த, வேலைப்பளுவால் நசுங்கிய பணியாளர் நிலை அக்கொடுமைகளுக்கு ஒரு காரணமாகக் காணப்பட்டது. 2011-இல் ஜெர்மன் சுவிசேஷத் திருச்சபையும் அதன் சமூகத் தொண்டு அமைப்பும் பாதிக்கப்பட்டோரிடம் மன்னிப்பு வேண்டின. பிள்ளைக்கு மன்னிப்பை அறிவித்துத் தொடங்கிய மரபு, பிள்ளைகளிடம் மன்னிப்பு வேண்டி நிற்கும் நிலைக்கு வந்தது. இதை நாம் தொலைதூரத்துச் செய்தியாக வாசித்துக் கடந்துவிடலாகாது.

6. போரும் அறிவியலும்

ஹோர்னில் கற்ற உண்மையை இருபதாம் நூற்றாண்டின் போர்கள் வேறு வழியில் மீண்டும் கற்பித்தன. 1943 கோடையில் ஹாம்பர்க் குண்டுவீச்சால் எரிந்தபோது அவ்வில்லத்தின் பெரும்பகுதியும் அழிந்தது. அதே ஆண்டுகளில் இலண்டனில், நாசிகளிடமிருந்து தப்பிவந்த யூதப் பெண்மணி அன்னா பிராய்டும், அவருடைய தோழி டாரதி பர்லிங்ஹாமும் போரினால் வீடிழந்த குழந்தைகளுக்கான ஹாம்ப்ஸ்டெட் காப்பகங்களை நடத்திவந்தனர். குண்டுகளின் ஓசையைவிடத் தாயைப் பிரிந்ததே குழந்தைகளை அதிகம் புண்படுத்திற்று என்று அவர்கள் கண்டனர். பொதுவாக எல்லாரும் எல்லாக் குழந்தைகளையும் கவனித்த முறையை மாற்றி, ஒவ்வொரு பணிப்பெண்ணுக்கும் சில குழந்தைகளை ஒப்புவித்துச் சிறு 'குடும்பங்கள்' ஆக்கினர். உடனே குழந்தைகளிடம் பொறாமையும் அழுகையும் பெருகின; ஆனால் அன்பும் பேச்சும் வளர்ந்தன. பணிப்பெண்கள் தாம் கண்டவற்றை அன்றாடம் அட்டைகளில் எழுதி, கூடி விவாதித்தனர். விக்கெர்னின் விசுவாசத்தைப் பகிராதவர்கள் விக்கெர்னின் வழியிலேயே வந்துசேர்ந்தது வியப்பிற்குரியது.

பின்னர் ஜான் பௌல்பி 1951-இல் உலகச் சுகாதார நிறுவனத்திற்கு அளித்த அறிக்கை, நிலையான பாசப்பிணைப்பு இல்லாத குழந்தைக்கு நேரும் கேட்டை உலகறியச் செய்தது. 1980-இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம், பேரதிர்ச்சிக்குப் பிற்பட்ட மனநோயைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 1998-இல் கலிபோர்னியாவில் பெலிட்டியும் ஆண்டாவும் வெளியிட்ட ஆய்வு, குழந்தைப்பருவக் கொடுமைகள் பெருகுந்தோறும் முதிர்வயதில் நோய்களும் பெருகுவதை எடுத்துக்காட்டிற்று. 2005-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளிகளுக்கென்றே இவ்வறிவைத் தொகுத்தளிக்கும் நூல் வெளிவந்தது. அதன்பின் ஆசிரியர் முதல் பேருந்து ஓட்டுநர், சமையற்காரர் ஈறாகப் பள்ளிப் பணியாளர் யாவருக்கும் பயிற்சியளிக்கும் முறை பல நாடுகளில் பரவிற்று.

இப்பயிற்சியின் சாரத்தைச் சுருங்கக் கூறலாம். ஓயாத அச்சத்தில் வளர்ந்த பிள்ளையின் உடல், எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து நிற்கிறது. ஆசிரியரின் உரத்த குரலோ, பின்னாலிருந்து தோள்மேல் விழும் கையோ அவனுக்குப் பழைய அடியின் அறிகுறியாகிறது. சிந்திக்குமுன் அவன் எதிர்த்துப் பாய்கிறான், அல்லது ஓடுகிறான், அல்லது கல்லாய் உறைந்து பேசாதிருக்கிறான். நாம் அதைத் திமிர் என்றும் அடங்காமை என்றும் அழுத்தம் என்றும் பெயரிடுகிறோம். அவ்வேளையில் அறிவுரை அவன் செவியில் ஏறாது. முதலில் அவன் அமைதியடையவேண்டும். அதற்கு அருகிருக்கும் பெரியவர் அமைதியாயிருக்கவேண்டும். பின்னர் தனியே அழைத்துப் பேசலாம். அவன் பிறர்க்கு இழைத்த சேதத்தை அவனே சரிசெய்ய வழிகாட்டலாம். ஒழுங்கும் எல்லையும் இதில் கைவிடப்படுவதில்லை. எல்லை மீறிய பிள்ளையிடம் உறவு கைவிடப்படாதிருப்பதே இதன் சிறப்பு.

அளவிற்கு மீறி உரிமை கொண்டாடுவதும் தகாது. பள்ளிகளில் இம்முறையின் பயனை ஆராய்ந்த நூல்களை 2019-இல் சிலர் தொகுத்து நோக்கியபோது, கண்டிப்பான ஆய்வு வரையறைகளை நிறைவு செய்த ஆராய்ச்சி ஒன்றும் அவர்களுக்குக் கிட்டவில்லை. ஆகவே பயன் இல்லை என்பது பொருளன்று. இன்னும் நன்கு அளந்தறியப்படவில்லை என்பதே பொருள். மேலும், துன்பங்களை எண்ணிக் கூட்டி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கணிக்கலாகாது என்று அத்துறையினரே எச்சரிக்கின்றனர். மெத்ரேயின் வரலாற்றை அறிந்த நமக்கு இவ்வெச்சரிக்கை தெளிவாக விளங்கவேண்டும். 'கெட்ட பையன்' என்னும் முத்திரையை அகற்றி, 'மனக்காயமுற்ற பையன்' என்னும் முத்திரையைக் குத்திவிடுவதால் அவன் விடுதலை பெறுவதில்லை.

7. நமது வாசலில்

தமிழ் மக்களுக்கு இப்பொருள் அந்நியமானதன்று. 2004 டிசம்பர் 26 அன்று கடல்கொண்ட ஊர்களின் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, வகுப்பில் வெறித்து நோக்கிய பிள்ளைகளை ஆசிரியர்கள் கண்டனர். பெங்களூர் தேசிய மனநல நிறுவனத்தாரின் துணையோடு, ஆசிரியர்க்கும் ஊர்த்தொண்டர்க்கும் உளச்சமூகப் பராமரிப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஈழத்தில் நெடிய போரின் நடுவே யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மக்களின் மனவடுக்களை ஆராய்ந்து 1998-இல் நூலாக வெளியிட்டார். மட்டக்களப்பில் 1996 முதல் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா'வில் போரில் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் விளையாட்டாலும் கலையாலும் கதையாலும் பராமரிக்கப்பட்டனர். பேரழிவின்போது இவை செய்யப்பட்டன. ஆனால் குடி, வறுமை, சாதிக் கொடுமை, தந்தையின் அடி, தாயின் தற்கொலை ஆகிய அன்றாட அழிவுகளிலிருந்து வரும் பிள்ளை, நமது சாதாரணப் பள்ளியில் சாதாரண நாளில் அமர்ந்திருக்கிறான். நமது விடுதிகளின் நோக்கமே அத்தகைய பிள்ளைகளுக்கு இடமளிப்பதன்றோ?

எனவே வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க முடிவுகளைக் கூறுவோம். பிள்ளையைத் திருத்துமுன் பணியாளரை உருவாக்கவேண்டும். அவ்வுருவாக்கம் ஒருநாள் கருத்தரங்கில் முடிவதன்று. வாரந்தோறும் கூடி, நடந்ததை மனந்திறந்து பேசும் பழக்கமாகவேண்டும். விடுதியில் ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரு காப்பாளர் என்னும் நிலையில் எந்தப் பயிற்சியும் பயன்தராது. அவரது தொகையும் ஊதியமும் ஓய்வும் நிருவாகக் குழுவின் ஆவிக்குரிய பொறுப்பாகும். பிள்ளையைக் குறித்து எழுதப்படும் குறிப்பு அவன் நன்மைக்கன்றி வேறெதற்கும் பயன்படலாகாது. பிள்ளைக்குக் கொடுமை நேர்ந்ததென்று அறிந்தால், நிறுவனத்தின் நற்பெயருக்காக அதை மறைப்பது பாவமும் குற்றமுமாகும். இறுதியாக, நம்மில் பலர் பிரம்பின்கீழ் வளர்ந்தவர்கள். 'அடித்ததால்தான் ஆளானோம்' என்று சொல்லும் நாம், நம்முடைய காயங்களையே நன்றியென மாற்றிப் பேசுகிறோமோ என்று நம்மை நாமே ஆராய்வது நலம்.

லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் இளைய குமாரன் தன் குற்ற அறிக்கையை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறான். தந்தையோ அவன் தூரத்தில் வரும்போதே ஓடிச்சென்று தழுவுகிறார். அறிக்கை முடிவதற்குள் உடையும் மோதிரமும் பாதரட்சையும் கட்டளையாகின்றன. ஹோர்ன் இல்லத்தின் வாசலில் விக்கெர்ன் சொன்ன முதற்சொல் இதிலிருந்தே பிறந்தது என்று நாம் நம்புகிறோம். ஆனால் அவ்வதிகாரத்தில் வயலிலிருந்து வரும் மூத்த மகனும் இருக்கிறான். உழைத்துக் களைத்தவன், ஒழுங்கு தவறாதவன், வீட்டிற்குள் வர மறுப்பவன். தந்தை அவனிடத்திற்கும் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். நமது பள்ளிகளின் களைத்த ஆசிரியர்களையும் சோர்ந்த காப்பாளர்களையும் அவ்வாறு வெளியே சென்று அழைப்பது யார் கடமை? அறை வாசலில் நிற்கும் அச்சிறுவனைக் குறித்து அவர்கள் நம்மை வினவும்போது, முதலில் அவர்களை அமரச்செய்து அவர்கள் பாரத்தைக் கேட்பதே தாளாளராகிய குருவின் முதற்பணி என்று கூறி, இவ்வாய்வை நிறைவு செய்கிறோம்.